எட்டு கோர், எட்டு மடங்கு இல்லை

அன்புள்ள ஐயா,

என் கணினியின் ப்ராசசரில் 8 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டுப் பகுதிகள். விண்டோஸ் 16 என்று கணக்குக் காட்டுகிறது. என் சதுரங்க ஆட்டங்களை அலச ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க என்ஜினைப் போட்டேன். டாஸ்க் மேனேஜரில் 6 சதவீதத்தைத் தாண்டவில்லை. த்ரெட்டை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தேடல்களின் எண்ணிக்கையை, 16 ஆக்கியதும் 100 சதவீதம், ஃபேன் அலறுகிறது. ஆனால் ஒரு நிமிடத்தில் எட்டும் ஆழம் (எத்தனை அரை நகர்த்தல் முன்னால் பார்க்கிறது என்பது) மூன்று நான்குதான் கூடியது. மீதி உழைப்பு எங்கே போகிறது? ஒரே நிலைக்கு இரண்டு முறை கேட்டால் இரண்டு பதில் வேறு. என்ஜின் பழுதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பழுதில்லை. த்ரெட் ஆரம்பத்தில் 1 என்றுதான் இருக்கும். பதினாறில் ஒன்று, 6 சதவீதம், கணக்கு சரி.

உழைப்பு எங்கே போகிறது என்பதுதான் நல்ல கேள்வி. ஒவ்வொரு நிலையிலும் 35 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அரை நகர்த்தல் (ஒரு பக்கத்தின் ஒரு நகர்த்தல்தான் அரை நகர்த்தல்) ஆழத்துக்கு எல்லாவற்றையும் பார்த்தால் கடைசியில் 15,00,625 நிலைகள். பயனற்ற கிளைகளை வெட்டிவிடும் ஆல்பா-பீட்டா முறையில், நல்ல நகர்த்தல்கள் முதலில் வந்தால், 2,449 போதும். என்ஜினின் வேகமே இந்த வெட்டில்தான் இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது? முதல் நகர்த்தலை அலசி, ‘ஆட்டம் சமம்’ என்று தெரிந்துகொள்கிறது. இரண்டாவதுக்கு எதிராளியின் ஒரே ஒரு பதிலில் நம் ராணி போகிறது என்று கண்டால் போதும், மிச்சம் 34 பதில்களைத் தொடவே வேண்டாம். ‘சமம்’ என்ற செய்தி கையில் இருப்பதால்தான் இது முடிகிறது. இரண்டாவது கோர் அதே நொடியில் வேலையைத் தொடங்கினால் அந்தச் செய்தி இன்னும் பிறக்கவே இல்லை. ராணி போவதைப் பார்த்தும், ஒப்பிட ஒன்றும் இல்லாமல், மற்ற பதில்களையும் மெனக்கெட்டுத் தேடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜருக்கு அதுவும் உழைப்புதான்.

அண்ணன் (முதல் நகர்த்தல்) முடிக்கும்வரை தம்பிகள் (மற்ற நகர்த்தல்கள்) காத்திருக்கட்டும் என்பது பழைய வழி. அதில் கோர்கள் சும்மா நின்றன. 2016 ஜனவரியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 7 ‘லேஸி எஸ்எம்பி’ என்ற முறைக்கு மாறியது. பெயரிலேயே சோம்பல். எல்லா த்ரெட்டும் ஒரே நிலையைத் தேடும். யாரும் யாருக்கும் வேலை பிரித்துத் தருவதில்லை. பொதுவாக இருப்பது, பார்த்த நிலைகளின் முடிவுகளைக் குறித்துவைக்கும் ஹேஷ் டேபிள் என்ற நினைவகப் பட்டியல். ஒன்று கண்டதை அதில் எழுதிவைக்கும், பின்னால் வருவது எடுத்துக்கொள்ளும். முதலில் கேள்விப்பட்டபோது இதெல்லாம் ஒரு முறையா என்றுதான் நினைத்தேன். ஆனால் நன்றாகவே ஓடுகிறது.

உங்கள் இரண்டு பதில்களுக்கும் காரணம் இதுதான். எந்த த்ரெட் முந்தி எழுதியது என்பது ஒவ்வொரு முறையும் மாறும், தேடலும் அதோடு திசை மாறும். த்ரெட் 1, ஹேஷ் காலி, இரண்டு முறையும் அதே ஆழம் என்று வைத்துக் கேளுங்கள், பதில் மாறாது.

அப்புறம், மூன்று நான்கு ஆழம் என்பது குறைவே இல்லை. ஒவ்வொரு படிக்கும் வேலை பெருக்கலில் ஏறுவதால், முழுசாக எட்டு மடங்கு வேகம் கிடைத்திருந்தாலும் சில படிகள்தான் கூடியிருக்கும்.

விண்டோஸ் சொல்லும் 16-ஐ நம்ப வேண்டாம். ஒரே கோரை இரண்டு த்ரெட் பங்குபோட்டுக்கொள்கின்றன, இரண்டாவதுக்குக் கிடைப்பது இடைவெளிகள்தான். 8-லும் 16-லும் ஓட்டி, நீங்கள் விடை அறிந்த ஒரு நிலையில் சரியான நகர்த்தலை எது சீக்கிரம் பிடிக்கிறது என்று பாருங்கள். நொடிக்கு எத்தனை நிலை என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஹேஷ் 16 எம்பியிலேயே நின்றால் இத்தனை த்ரெட்டுக்குப் பத்தாது, கூட்டுங்கள். இரண்டு என்ஜின்களை ஒரே கணினியில் மோதவிடும்போது ‘பாண்டர்’ (எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் வசதி) அணைந்திருக்கட்டும்; இல்லாவிட்டால் ஒன்று யோசிக்கும் நேரத்தில் மற்றதும் அதே கோர்களைப் பிடித்து இழுக்கும்.