நாற்பதுக்குள் மார்பகப் புற்றுநோய்: பினாங்குப் பெண்கள் கேட்டவையும் என் பதில்களும்

பினாங்கில் மார்பக அறுவைப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சின்ன வயதில், ஆரம்ப நிலையில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தின் அளவு, ஆப்பரேஷன் தேதி போன்றவற்றை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், வயது 31): மிஸ்ஸி, போன வாரம் பயாப்சி முடிவு வந்தது. ஆரம்ப நிலைதான் என்றார் டாக்டர். அப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. உடனே ஆப்பரேஷன் செய்யாவிட்டால் பரவிவிடுமா?

பதில்: தங்கச்சி, இந்தப் பயம் வராத பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கட்டி நேற்று வந்ததல்ல. கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர மாதக்கணக்கில், பல சமயம் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். இரண்டு வாரம் நிதானமாகக் கேட்டு, புரிந்துகொண்டு முடிவெடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று தள்ளிப்போட்டால்தான் ஆபத்து. கீழே வரும் சில கேள்விகளுக்கும் என் பதில் இதையொட்டித்தான் இருக்கும்.

அடுத்த முறை போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்களைவிட அதிகமாக அழாதவராகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யலாம். பயாப்சி ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டில் ஒன்று பாசிட்டிவ் என்றாலும் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது, அதைத் தடுக்கும் சிகிச்சை உண்டு என்று பொருள். ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மூன்றும் நெகட்டிவாக இருப்பதை டிரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். இளம்பெண்களிடம் இது சற்று அதிகம். இந்த வகைக்கும் ஹெர்2 வகைக்கும் பல சமயம் கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகுதான் ஆப்பரேஷன் செய்வார்கள். அப்படிச் சொன்னால் "கட்டியை உள்ளேயே விட்டுவைக்கிறார்களே" என்று பதறாதீர்கள், சிகிச்சை தொடங்கிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

கேள்வி (பட்டர்வொர்த், வயது 29): நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. கீமோ எடுத்தால் குழந்தை பிறக்காது என்று அத்தை சொல்கிறார். டாக்டர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கேட்கலாமா?

பதில்: கேட்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கட்டாயம் கேளுங்கள். அதுவும் முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால். டாக்டரின் கவனமெல்லாம் உங்கள் உயிரில் இருக்கும். திருமணமாகாத பெண்ணிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூச்சப்படும் டாக்டர்களும் உண்டு. நீங்களே வாயைத் திறந்து, "கருவள மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

உங்கள் அத்தை சொல்வதில் பாதிதான் உண்மை. சில கீமோ மருந்துகள் சினைப்பையைப் பாதிக்கும். எந்த அளவுக்கு என்பது மருந்தையும் உங்கள் வயதையும் பொறுத்தது. இருபதுகளில் இருப்பவர்கள் பலருக்கு மாதவிலக்கு திரும்ப வந்துவிடுகிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கும் வழி இருக்கிறது. ஊசி போட்டு முட்டைகளை வளரவைத்து எடுக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். உங்கள் கட்டி ஹார்மோன் வகை என்றால், ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரசோல் மாத்திரையையும் கூடவே கொடுப்பார்கள். முட்டையை மட்டும் சேமிக்கக் கல்யாணம் ஆகியிருக்கவேண்டியதில்லை. தனியார் மையங்களில் செலவு அதிகம், முதல் சந்திப்பிலேயே முழுத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீமோ காலத்தில் சினைப்பையைத் தூங்கவைக்க மாதம் ஒரு ஊசி போடுவதும் உண்டு. அது ஓரளவு உதவும், ஆனால் முட்டை சேமிப்புக்கு ஈடாகாது.

இன்னொன்று. ஹார்மோன் வகை என்றால் 5 வருடமோ அதற்கு மேலோ மாத்திரை சாப்பிடவேண்டியிருக்கும். அந்த மாத்திரைகளில் ஒன்றான டாமோக்சிஃபென் எடுக்கும்போது கரு தங்கினால் குழந்தைக்கு ஆபத்து. மாத்திரை எடுக்கும் காலம் முழுவதும் ஹார்மோன் இல்லாத கருத்தடை முறைதான் பாதுகாப்பு. "அப்படியானால் எனக்கு எப்போது குழந்தை?" என்பீர்கள். 2023இல் 'பாசிட்டிவ்' என்ற ஆய்வின் முடிவு வெளியானது. 42 வயது வரையுள்ள பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஹார்மோன் சிகிச்சை எடுத்துவிட்டு, பிள்ளை பெற்றுக்கொள்வதற்காக இரண்டு வருடம் வரை நிறுத்திவைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் நோய் திரும்புவது அவர்களிடம் கூடுதலாக இல்லை. நீண்டகால முடிவு இனிமேல்தான் வரவேண்டும். ஆனாலும் இந்த வயதுப் பெண்களுக்கு இவ்வளவு நம்பிக்கை தரும் செய்தியை நான் வேலையில் இருந்த ஆரம்ப காலத்தில் கேட்டதே இல்லை.

மாப்பிள்ளையிடம் மறைக்காதீர்கள். பெரியவர்கள் வாயிலிருந்து கேட்பதைவிட உங்களிடமிருந்தே அவர் கேட்பது நல்லது.

கேள்வி (ஜெலுத்தோங், வயது 36): மாமியார் தினமும் டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலையும் பெலாலாய் காஜா மூலிகையும் கொதிக்கவைத்துத் தருகிறார். கீமோ விஷம், இதை மூன்று மாதம் குடித்துப் பார்ப்போம் என்கிறார்.

பதில்: அந்த மூன்று மாதத்தைத்தான் கொடுக்கவே கூடாது. ஆரம்ப நிலையில் வந்து, மூலிகையோடு போய், கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகு திரும்பிய பெண்களின் புண்ணை நான் என் கையால் கழுவிக் கட்டியிருக்கிறேன். பரிசோதனைக் குழாயில் செல்களைக் கொன்ற இலை, மனித உடலிலும் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. கீமோவோடு சேர்த்துக் குடித்தால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மாமியார் அன்பினால்தான் செய்கிறார். அவரையும் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் காதாலேயே கேட்க வையுங்கள். அந்த அடுப்பில் அவர் மீன் சூப் வைத்துத் தரட்டும், புரதம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், வயது 38): முழு மார்பையும் எடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர்.

பதில்: கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு ரேடியோதெரபி கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தாலும், உயிரோடிருக்கும் வாய்ப்பு ஒன்றுதான். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 வருடம் பின்தொடர்ந்த இரண்டு ஆய்வுகள் 2002இல் இதைக் காட்டின. கட்டி பெரிதாகவோ பல இடத்திலோ இருந்தால், அல்லது மரபணுக் கோளாறு இருந்தால் கதை வேறு. உங்கள் டாக்டர் போதும் என்றால் நம்பலாம். எடுக்கத்தான் வேண்டும் என்று வந்தால், மார்பைத் திரும்ப அமைப்பது பற்றி ஆப்பரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி (பிறை, வயது 33): அப்பாவின் தங்கைக்கு சினைப்பைப் புற்றுநோய் இருந்தது. அப்பா வழி கணக்கில் வருமா?

பதில்: நிச்சயம் வரும். மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறை அப்பாவும் கொடுக்கலாம், அம்மாவும் கொடுக்கலாம். யாருக்கு இருக்கிறதோ அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 விழுக்காடு வாய்ப்பு. உங்கள் வயதும் அத்தையின் நோயும் சேர்ந்தால் மரபணுப் பரிசோதனை கேட்க அதுவே போதுமான காரணம். முடிந்தால் ஆப்பரேஷனுக்கு முன் செய்யுங்கள், முடிவைப் பொறுத்து ஆப்பரேஷனே மாறலாம். நம் வீடுகளில் இதை வெளியே சொன்னால் பெண் பிள்ளைகளுக்கு வரன் வராது என்று மூடிவைக்கிறார்கள். உங்கள் தங்கை சரியான வயதில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து மார்பைச் சோதிக்கவேண்டுமென்றால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ், வயது 30): எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான்கு வருட வேலை. எம்.சி. (மருத்துவ விடுப்பு) தீர்ந்துவிடும் என்று பயம்.

பதில்: வேலைச் சட்டப்படி உங்களுக்கு வருடத்துக்கு 18 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு. மருத்துவமனை விடுப்பு 60 நாள் அதற்கு மேல் தனி. 2023 ஜனவரியிலிருந்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கக் கூடாது. வார்டில் படுக்காவிட்டாலும், படுக்கவேண்டிய அளவுக்கு உடம்பு முடியவில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அதுவும் மருத்துவமனை விடுப்புதான். கீமோ நாட்களுக்கு அப்படிக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமநிதியான கே.டபிள்யூ.எஸ்.பி.யில் அக்காவுன் செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் பொதுவாக 5 ரிங்கிட்தான்.

கேள்வி (பட்டர்வொர்த், வயது 34): தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டையும் பால்குடமும் நேர்ந்திருக்கிறேன். தைப்பூசம் கீமோவுக்கு நடுவில் வருகிறது, அக்கா.

பதில்: கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாகக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். தைப்பூசம் அந்த நாட்களில் விழுந்தால் அந்தக் கூட்டத்துக்குள் போகவே வேண்டாம். முருகன் அடுத்த வருடம் பால்குடத்தை ஏற்றுக்கொள்வார். கூடப்பிறந்தவர் யாராவது உங்களுக்காக எடுத்தாலும் சரிதான். முடி முதல் கீமோ ஏறிய இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். கொட்டுவதற்கு முன் மொட்டை போட்டுவிடுவது பலருக்கு மனசுக்கு லேசாக இருக்கிறது. ஆனால் பிளேடு வேண்டாம், சின்னக் கீறல் வழியாகவும் கிருமி போகும். மின்சார மெஷினில் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 38 டிகிரி தொட்டால் பனடோல் போட்டுக்கொண்டு காலை வரை பார்ப்போம் என்று படுக்காதீர்கள். நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "நான் கீமோ எடுப்பவள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம், ஒரு கணவர்): ஐந்து வயது மகனிடம் என்ன சொல்வது? அம்மாவுக்குக் காய்ச்சல் என்றுதான் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறோம்.

பதில்: காய்ச்சல் என்று சொல்லாதீர்கள் தம்பி. அடுத்த முறை அவனுக்குக் காய்ச்சல் வந்தால் தனக்கும் முடி கொட்டும் என்று நினைப்பான். நோயின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவன் குறும்பு செய்ததால் வந்ததல்ல, அம்மாவைக் கட்டிப்பிடித்தால் ஒட்டிக்கொள்ளாது என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் பாலர் பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், யார் கூட்டிவருவார் என்று சொல்லுங்கள், அந்த வயதில் பெரிய கவலை அதுதான். மீதியை அவன் கேட்கும்போது, கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னால் போதும்.