பன்னிரண்டில் ஏழு தட்டுதான் மிச்சம்: பழைய பீங்கான் செட்டை நிறைவாக்க முடியுமா?

கேள்வி: மாமியார் 1970-களில் வாங்கிய ஜப்பான் நோரிடாகே டின்னர் செட் எங்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு பெரிய தட்டில் ஏழுதான் மிச்சம். அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம். மும்பையில் மீதி கிடைக்குமா? அதில் சாப்பிடலாமா? (வாசகி, செம்பூர்)

கிடைக்கும், பொறுமை வேண்டும். முதலில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பூவை வைத்துத் தேடினால் அலைச்சல்தான். முத்திரைக்குக் கீழே பெரும்பாலும் ஓர் எண்ணோ டிசைனின் பெயரோ இருக்கும். அதுதான் உங்கள் பிடிமானம். இலை வளையத்துக்குள் 'எம்' எழுத்து இருந்தால் ரொம்பப் பழசு. 1953-இல் அது 'என்' ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பழைய தரம் வரவில்லை என்று நோரிடாகே நிறுவனத்தாரே சொந்தப் பெயரைப் போடாமல் 'ரோஸ் சைனா' என்று முத்திரை குத்திய காலமும் உண்டு. அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தப் பீங்கான் மேல் தனி மரியாதை.

அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரத்து ரீப்ளேஸ்மென்ட்ஸ் நிறுவனம் 1981 முதல், நின்றுபோன டிசைன் பீங்கான்களைத் தேடி விற்கும் தொழிலில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் எண்ணைத் தேடி டிசைனை உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமுமே கையைக் கடிக்கும்.

அப்புறம் மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜார், அங்கே மட்டன் தெரு. வெள்ளிக்கிழமை வேண்டாம், கடைகள் மூடியிருக்கும். உங்கள் செட்டிலிருந்து ஒரு சின்னத் தட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள். நான் ஒருமுறை கடை பல்பு வெளிச்சத்தை நம்பி நான்கு தட்டு வாங்கினேன். வீட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் என்னுடையது பால் வெள்ளை, வாங்கியது தந்த நிறம். பூ ஒன்றேதான், ஆனால் பக்கத்தில் வைக்கவே முடியவில்லை. அதனால் தெருவுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லுகூட நகத்தில் தட்டுப்படும். பிறகு தட்டை விரல் நுனிகளில் ஏந்தி லேசாகச் சுண்டுங்கள். கணீரென்றால் சரி. டொக்கென்றால் எங்கோ மயிரிழை விரிசல் ஓடுகிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு? பழைய பீங்கானின் வண்ணத்திலும் பூச்சிலும் ஈயம், காட்மியம் இருக்கலாம். புளிப்பும் சூடும் அவற்றைக் கரைத்து இழுக்கும். அதனால் ரசம், வத்தக்குழம்பு, ஊறுகாய் வேண்டவே வேண்டாம். பூச்சு வலைபோல் வெடித்த தட்டிலும், தங்கக் கோடு தேய்ந்த தட்டிலும் எதையுமே பரிமாறாதீர்கள். நல்ல நிலையில் இருப்பதில் விசேஷ நாளில் முறுக்கோ மைசூர்பாகோ வைக்கலாம். குழந்தைகளுக்கு எவர்சில்வரே போதும். தங்க விளிம்புத் தட்டை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

அடுக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் பழைய வேட்டித் துணி ஒன்று போடுங்கள். தட்டின் அடிப்பக்க வளையம் சொரசொரப்பானது, கீழிருக்கும் பூவைக் கீறுவது அதுதான்.