ஈபிஏபிஎக்ஸ் கேள்வி–பதில்: பூட்டிய 0, திறந்து கிடக்கும் டீசா

கே: ஈபிஏபிஎக்ஸ் (அலுவலக போன்களை இணைக்கும் பெட்டி) எக்ஸ்டென்ஷனிலிருந்து, அதாவது உள் போனிலிருந்து, லேண்ட்லைனுக்குக் கால் போகிறது, செல்போனுக்குப் போவதில்லை. – கரூர் வாசகர்

ப: எஸ்டிடி-யைத் தடுக்க அந்தக் காலத்தில் 0-வைப் பூட்டியிருப்பார்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு முன்னால் 0 போட்டாக வேண்டும் என்பதால் அதுவும் மாட்டிக்கொள்கிறது. டோல் டேபிளில் (தடுக்க வேண்டிய எண்களின் பட்டியலில்) 0-வை எடுத்துவிட்டு 00 போடுங்கள். ஐஎஸ்டி பூட்டியே இருக்கும். வெளி லைன் எடுக்கவும் 0 என்றால், ஊழியர்கள் இரண்டு முறை 0 அழுத்த வேண்டும். லைன் எடுக்கும் 0 இந்தப் பூட்டின் கணக்கில் வராது. கை வைக்கும் முன் செட்டிங்குகளை பேக்கப் எடுங்கள்.

கே: பெட்டி மத்தியானமே நைட் மோடுக்கு (அலுவலகம் மூடிய பிறகான செட்டிங்குக்கு) போய்விடுகிறது!

ப: மாடலை எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பானசோனிக் டிஇஎஸ்824 என்று வைத்துக்கொள்கிறேன். ஆட்டோமேட்டிக்கில் இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் மோடு மாறும். அந்தக் கடிகாரம் தப்பாக இருக்கும். ஜாக் 1-ல் (முதல் எக்ஸ்டென்ஷன் இணைப்பில்) உள்ள டிஸ்ப்ளே போனில், ரிசீவரை எடுக்காமல், புரோகிராம் பட்டன், ஸ்டார், ஹேஷ், பாஸ்வேர்டு, பிறகு 000. தேதி, நேரம் அங்கேதான்.

கே: யாரும் பேசாத ஐஎஸ்டி-க்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் பில் வந்திருக்கிறது. பாஸ்வேர்டு இன்னும் 1234தான், அதனாலா? – ஈரோடு வாசகர்

ப: பாஸ்வேர்டைவிட டீசா மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆட்டோ அட்டெண்டன்ட் (கூப்பிடுகிறவருக்குத் தானாகப் பதில் சொல்லும்) குரலுக்காக டீசா போட்டிருப்பீர்கள். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர் எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்துவதற்கான வசதி அது. செக்யூரிட்டி போடாமல் விட்டால் அதே ஆள் லைன் எடுக்கும் எண்ணை அழுத்தி, உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசுவார். சனி இரவு தொடங்கினால் திங்கள் காலை வரை கேட்க ஆளில்லை. கட்டணம் அதிகமுள்ள எண்களாகப் பார்த்து அடித்து, அதில் பங்கு வாங்குகிற கும்பல்களே இருக்கின்றன. டீசா செக்யூரிட்டியை டிரங்க் என்று மாற்றுங்கள்: எக்ஸ்டென்ஷனுக்கு நேராகப் போகும், வெளி லைனுக்கு ரகசிய எண் கேட்கும். அந்த எண்ணும் 1111 என்று இருக்கக் கூடாது. 00-ஐ எல்லா எக்ஸ்டென்ஷனிலும் பூட்டுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பெட்டியை மாட்டுகிறவர் 1234-ஐ அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்; மாற்றுகிறவரோ அலுவலகத்துக்குச் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் ஒரு எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றக்கூட அவருக்கு விசிட் சார்ஜ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மாட்டி முடித்த அன்றே பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் பட்டியல், பேக்கப் ஃபைல் மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கே: லேப்டாப்பில் மெயின்டனன்ஸ் கன்சோல் (பெட்டியின் செட்டிங்கை மாற்றும் மென்பொருள்) கனெக்ட் ஆகவில்லை.

ப: சீரியல் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் டிவைஸ் மேனேஜரில் எந்த காம் போர்ட் என்று பார்த்து, அதையே கன்சோலிலும் கொடுங்கள். பாட் ரேட்டும் (தகவல் போகும் வேகமும்) ஒத்துப்போக வேண்டும். உள்ளே போனதும் முதல் வேலை பேக்கப்.

கே: கரண்ட் போய் வந்தால் செட்டிங் எல்லாம் அழிந்துவிடுகிறது.

ப: போர்டில் உள்ள லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.