கேள்வி – பதில்: புதிய மொபைல் தளம், டெவலப்பர்கள் எங்கே?

கேள்வி: எங்கள் மொபைல் இயங்குதளத்துக்குச் செயலி எழுத உதவும் கருவித் தொகுப்பு (எஸ்டிகே) வெளியாகி மூன்று மாதம் ஆகிறது. ஆயிரம் பேருக்கு மேல் டவுன்லோடு செய்திருக்கிறார்கள். ஸ்டோருக்கு வந்த செயலிகளோ பதினொன்றுதான். விளம்பரத்தைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆட்கள் வாசல்வரை வந்துவிட்டார்கள், உள்ளே நுழையத்தான் முடியவில்லை. உங்கள் தளத்தை இதுவரை தொடாத டெவலப்பர்கள் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். அவரவர் லேப்டாப்பைக் கொண்டுவரட்டும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எல்லாம் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கும், அதில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. டவுன்லோடில் ஆரம்பித்து, தான் எழுதிய ஒரு பட்டன் போன் திரையில் தெரியும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அங்கேதான் ஆட்களை இழக்கிறீர்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். டூல் கேட்கும் ஜாவா பதிப்பு ஒன்று, லேப்டாப்பில் இருப்பது வேறொன்று. கம்ப்யூட்டரிலேயே போனைப் போல இயங்கும் எமுலேட்டர் நகரவே மாட்டேன் என்கிறது, பார்த்தால் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் அதற்குத் தேவையான விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்திருக்கிறது. லினக்ஸ் என்றால் போனைத் தொடவே அனுமதி இல்லை, அதற்கு யூடெவ் விதி (செருகும் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பு வரி) எழுத வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இன்னொன்று: போனைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்வதில்லை. கேபிளில் டேட்டா கம்பிகளே கிடையாது! டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டே அரை நாள் போய்விடும். சோதனைப் போன் கொடுக்கும்போது டேட்டா கேபிளையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

பிழைச் செய்திகளையும் உட்கார்ந்து திருத்துங்கள். ‘நிறுவல் தோல்வி, எண் 103’ என்று வந்தால் எதைச் சரிசெய்வது? ‘சான்றிதழ் காலாவதியாகிவிட்டது’ என்று சொல்லி, புதிதாக உருவாக்கும் கட்டளையையும் கீழேயே காட்டினால் வேலை நிற்காது. சாம்பிள் கோட் (மாதிரி நிரல்) முழுவதையும் தினமும் இரவில் புதிய எஸ்டிகேயோடு தானாகவே கம்பைல் செய்து, அதாவது ஓடும் செயலியாக மாற்றிப் பாருங்கள். புதிதாக வருபவர் முதலில் திறப்பது அதைத்தான். அதுவே ஓடாவிட்டால் மற்றதை யார் நம்புவார்கள்?

கேள்வி: பரிசுப் போட்டி வைத்தால் பலன் உண்டா?

பதில்: பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. 2007 நவம்பரில் கூகுள் 1 கோடி டாலர் போட்டியை அறிவித்தபோது சந்தையில் ஓர் ஆண்ட்ராய்டு போன்கூட இல்லை. அதன் முதல் போட்டியில் 50 செயலிகளுக்குத் தலா 25,000 டாலர் கொடுத்து மேலும் வளர்க்கச் சொன்னார்கள். பிறகு அவற்றில் 10 செயலிகளுக்குத் தலா 2,75,000 டாலர், வேறு 10 செயலிகளுக்குத் தலா 1,00,000 டாலர். செயலி அரைகுறையாக இருக்கும்போதே கைகொடுத்தது நல்ல ஏற்பாடு. நீங்கள் இன்னும் ஒரு படி போகலாம். பரிசில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஆறு மாதத்துக்குள் இரண்டு அப்டேட் வந்த பிறகு கொடுங்கள். மொத்தத்தையும் மேடையிலேயே கொடுத்துவிட்டால் பல செயலிகள் அன்றோடு சரி.

கேள்வி: டெவலப்பர்கள் ஒன்றுகூடி ஓரிரு நாளில் செயலி எழுதும் வார இறுதி ஹாக்கத்தான்?

பதில்: செயலிகள் கிடைக்கும் என்று நினைத்து நடத்தாதீர்கள், உங்கள் தளத்தில் உள்ள பக் (பிழை) கிடைக்கும் என்று நடத்துங்கள். உங்கள் இன்ஜினியர்கள் அங்கேயே இருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எல்லோரிடமும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். வரும் சந்தேகங்களுக்கு எங்கள் ஆட்கள் மட்டுமே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியாட்கள் ஒருவருக்கொருவர் உதவுவதே இல்லை.

பதில்: பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டு, பேசவில்லையே என்றால் எப்படி? ஐபோன் எஸ்டிகே 2008 மார்ச்சில் வந்தது, ஜூலையில் ஆப் ஸ்டோரும் திறந்தது. ஆனால் வெளியாகிவிட்ட பகுதிகளைப் பற்றிக்கூடப் பொதுவில் பேசும் அனுமதி அக்டோபரில்தான் கிடைத்தது. ஆப்பிளுக்கு வாசலில் கூட்டம் காத்திருந்தது, சமாளித்தார்கள். உங்களுக்கு அது கட்டுப்படியாகாது. வெளியான பகுதிகளை ஒப்பந்தத்திலிருந்து உடனே விலக்குங்கள்.

அடுத்து, எந்தக் கேள்வியும் ஒரு வேலை நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது. ‘பார்க்கிறோம், வியாழக்கிழமை சொல்கிறோம்’ என்பதும் பதில்தான், வியாழக்கிழமை சொன்னால். எளிய கேள்வியாக இருந்தால் சில மணி நேரம் பொறுங்கள், வெளியிலிருந்து யாராவது முந்திக்கொள்ளட்டும். கடினமானதை அந்தப் பகுதியை எழுதிய இன்ஜினியரிடமே கொடுங்கள். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் அதை டாக்குமெண்டேஷனில் உள்ள பிழையாகவே பதிவு செய்யுங்கள். தொடர்ந்து உதவுபவர்களுக்குப் புதிய பதிப்பை முன்கூட்டியே கொடுக்கலாம், ஆனால் எந்த அடிப்படையில் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். ரகசியமாகக் கொடுத்தது வெளியே தெரிந்தால் மற்றவர்கள் மனம் விட்டுப்போகும்.

கேள்வி: அடுத்த பதிப்பில் பழைய ஏபிஐ (தளத்தின் வசதிகளைச் செயலி அழைத்துப் பயன்படுத்தும் வழி) சிலவற்றை நீக்கப்போகிறோம். எவ்வளவு அவகாசம் தருவது?

பதில்: குறைந்தது ஓர் ஆண்டு. அடுத்த பதிப்பில் எச்சரிக்கை மட்டும், அதற்கடுத்த பெரிய பதிப்பில்தான் நீக்கம். 2012இல் விண்டோஸ் போன் 8 வந்தபோது பழைய செயலிகள் புதிய போனில் ஓடின, ஆனால் விண்டோஸ் போன் 7 போன்களைப் புதிய பதிப்புக்கு மாற்ற வழியில்லை. புதிய ஏபிஐயைத் தொட்ட டெவலப்பருக்குப் பழைய வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போனார்கள். அதனால் நீக்கும் முன் ஸ்டோரில் உள்ள எல்லாச் செயலிகளையும் ஸ்கேன் செய்து, அந்த ஏபிஐயை யார் யார் அழைக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். உங்களிடம் இருப்பது பதினொரு செயலிகள்தானே, பதினொரு பேருக்கும் மாற்று நிரலுடன் தனித்தனியாகவே எழுதிவிடலாம்.