சைட்டோகைன் கேள்விகள்

வெள்ளணுக்கள் சைட்டோகைன்களை (அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் புரதங்களை) முன்கூட்டியே செய்து வைத்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் அணுக்கள் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைக் கொஞ்சம் இருப்பு வைத்திருக்கும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் தூண்டப்பட்ட பிறகுதான் உற்பத்தியைத் தொடங்கும். கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள எல்பிஎஸ் என்ற மூலக்கூறு, அணுவின் டிஎல்ஆர்4 ஏற்பியில் பட்டதும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கிவிடும். தன்னார்வலர்களுக்கு எல்பிஎஸ் ஊசி போட்ட ஆய்வுகளில் டிஎன்எஃப் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் தொடுகிறது. ஐஎல்-6 என்ற சைட்டோகைன் அதற்குப் பின்னால். இன்னொரு சைட்டோகைனான ஐஎல்-1பீட்டா தனி ரகம். முதலில் செயலற்ற முன்வடிவமாகக் கிடக்கும். இரண்டாவது ஆபத்துச் சமிக்ஞை வந்து, காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை வெட்டினால்தான் வேலைக்கு ஆகும்.

காசநோய்க்கான இக்ரா ரத்தப் பரிசோதனையில் 'இண்டிடெர்மினேட்' (முடிவு சொல்ல முடியவில்லை) என்று வந்திருக்கிறது. தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? சிறுவயதில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறேன்.

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இக்ராவில் ஒரு வகையான குவான்டிஃபெரான் பிளஸ் முறையில் ரத்தம் நான்கு குழாய்களில் போகும். ஒன்று வெறும் குழாய். இரண்டில் காசநோய்க் கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதத் துண்டுகள். நான்காவதில் மைட்டோஜென். 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்து, டி அணுக்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) சுரந்த இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனை எலைசா என்ற ஆய்வக முறையில் அளப்பார்கள்.

என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது மைட்டோஜென் எண்ணைத்தான். மைட்டோஜென் என்பது ராஜ்மா வகைப் பயறிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம். காசநோய்க் கிருமியையே பார்த்திராத டி அணுவையும் உசுப்பிவிடும். அதற்கே அணுக்கள் அசையவில்லை என்றால், மற்ற குழாய்களின் 'நெகட்டிவ்' எதையும் சொல்லாது. ஸ்டீராய்டு, குறைந்த லிம்போசைட் எண்ணிக்கை, இன்குபேட்டரில் வைக்கத் தாமதம், குழாயைச் சரியாகக் குலுக்காதது என்று எதுவும் காரணமாகலாம். வெறும் குழாயிலேயே அளவு எகிறியிருந்தாலும் இதே முடிவுதான் வரும். மருத்துவரிடம் பேசி மறுபடி எடுங்கள்.

பிசிஜி பற்றிக் கவலை வேண்டாம். அந்த இரு புரதங்களும் அதில் கிடையாது. அப்புறம், பாசிட்டிவ் வந்தாலும் தொற்று என்றுதான் பொருள். நோயாக மாறியிருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

ஆய்வகத்தில் மனித அணுக்கள் அமைதியாக இருந்தால் மருந்து பாதுகாப்பானதுதானே?

எப்படித் தூண்டினார்கள் என்று கேளுங்கள். டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து ஆய்வகச் சோதனைகளில் சாதுவாகத்தான் இருந்தது. 2006 மார்ச்சில் லண்டனில் மனிதர்களிடம் நடந்த முதல் சோதனையில் அதைப் பெற்ற ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (சைட்டோகைன்கள் கட்டுமீறிச் சுரப்பது) வீசியது. உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்கள். பிறகு அதே ஆன்டிபாடியைக் கரைசலாகச் சேர்க்காமல், தட்டின் பரப்பில் ஒட்டவைத்துச் சோதித்தபோது மனித அணுக்கள் சைட்டோகைன்களைக் கொட்டித் தீர்த்தன. முன்னதாகக் குரங்குகளிடம் சோதித்தபோது இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு: அவற்றின் நினைவு டி அணுக்களில் (பழைய தொற்றை நினைவில் வைத்திருப்பவை) ஒரு முக்கிய வகையில், அந்த ஆன்டிபாடி பிடிக்கும் சிடி28 ஏற்பியே இல்லை.