ஆறு மாத டிப்ளமோ, அரசு வேலை உறுதி: நம்பலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் படித்தேன், தமிழ் வழி. கண் மருத்துவ உதவியாளர் ஆக ஆசை. ஆறு மாத டிப்ளமோ, 45,000 ரூபாய், முடித்ததும் அரசு வேலை என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் கேட்கிறார். சேரலாமா? ஆங்கிலம் சரியாக வராத எனக்கு இந்த மெஷின்களெல்லாம் கைவருமா? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: சேர வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

மெஷின் கைவரும். காற்றடித்துக் கண் அழுத்தம் பார்ப்பது, கம்ப்யூட்டரில் பவர் எடுப்பது எல்லாம் சில வாரப் பழக்கம். ஆங்கிலமும் தடை இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத்தான் எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் பயிற்சி தருகிறார்கள். 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த இடம் இன்று நிற்கும் நிலைக்கு அந்தப் பெண்களின் உழைப்பு பெரிய காரணம்.

கைவர நாள் பிடிப்பது விஷன், அதாவது பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் வேலைதான். ஆறு மீட்டர் தூரத்தில் சார்ட்டை மாட்டிப் படிக்கச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க மற்றதைப் பொத்தச் சொன்னால், பெரியவர் ஒருவர் விரல்களால் பொத்துவார், விரலிடுக்கு வழியாகப் பார்த்துப் படித்துவிடுவார். இன்னொருவர் அழுத்திப் பொத்துவார், கையை எடுத்ததும் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் தெரியும். வரிசையில் நிற்கும் பையன் முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்திருப்பான். ‘தெரியலம்மா’ என்று பாதியில் நிறுத்துபவரை, ‘அடுத்த எழுத்து என்னவா இருக்கும், சும்மா சொல்லுங்க’ என்றால் இன்னும் ஒரு வரி படிப்பார். எழுத்துத் தெரியாதவருக்கு ஆங்கில ‘E’ எழுத்து சார்ட்டில் அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டச் சொல்ல வேண்டும். பார்வை குறைவாக இருந்தால் பின்ஹோல் (சின்ன ஓட்டை போட்ட தட்டு) வைத்துப் பாருங்கள். தெளிவானால் பெரும்பாலும் கண்ணாடி பவர் பிரச்சினை. தெளிவாகவில்லை என்றால் டாக்டர் கவனமாகப் பார்க்க வேண்டிய கண் அது. வலக்கண்ணுக்கு எழுதியதையே இடக்கண்ணுக்கும் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் பழக்கம் மட்டும் வரவே கூடாது.

மெஷினிலும் கைதான் பேசும். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட ஏ-ஸ்கேன் கருவியில் கண்ணின் நீளம் எடுப்பார்கள். கருவியைக் கொஞ்சம் அழுத்தி வைத்துவிட்டால் நீளம் குறைவாகக் காட்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் பவர் ஏறக்குறைய இரண்டரை, மூன்று எண் தப்பிவிடும். ஆபரேஷன் நன்றாகவே நடந்திருக்கும், நோயாளிக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்.

யார் வந்தாலும் முதலில் விஷன், அதற்குப் பிறகுதான் சொட்டு மருந்து, மற்றதெல்லாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்தியே சொல்கிறேன். கண்ணில் சுண்ணாம்பு, ஆசிட், பினாயில், சிமென்ட் என்று எது பட்டு வந்தாலும் விஷன் பார்க்காதீர்கள், சீட்டு போடச் சொல்லாதீர்கள், பெயர்கூடக் கேட்க வேண்டாம். உடனே கழுவுங்கள். சலைன் இருந்தால் சலைன், இல்லாவிட்டால் சுத்தமான குழாய்த் தண்ணீர். ஒருவர் கழுவட்டும், இன்னொருவர் டாக்டரைக் கூப்பிடட்டும். குறைந்தது அரை மணி நேரம். சுண்ணாம்பு என்றால் மேல் இமையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். துணுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், அது இருக்கும்வரை கண் வெந்துகொண்டே இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கிக் கண்ணில் தெறித்துக்கொள்வது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. அந்தக் குழந்தையை ஓ.பி. சீட்டு வரிசையில் நிறுத்தினால் கண் போய்விடும். ‘விஷன் எழுதாமல் ஏன் உள்ளே விட்டாய்’ என்று யாராவது சத்தம் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். நீங்கள் கழுவுங்கள்.

சரி, உங்கள் ஊர்க்காரர் விஷயம். அரசு வேலையை உறுதியாகத் தருவதாகச் சொல்ல எந்தத் தனியாருக்கும் முடியாது. அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு கொடுத்து ஆள் எடுக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் துணை மருத்துவப் படிப்புகளுக்கு இடம் வேண்டும் என்றால் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையே இல்லை.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் அமைப்புதான். ஒரே வேலைக்குக் கண் மருத்துவ உதவியாளர், ஆப்தால்மிக் டெக்னீஷியன், ரெஃப்ராக்‌ஷனிஸ்ட் என்று எத்தனை பெயர்! துணை மருத்துவப் படிப்புகளை முறைப்படுத்த 2021-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. ஆனாலும் எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று ஒரு கிராமத்துப் பெண் இன்றைக்குக் கேட்டால், அவளுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

எந்த இடமாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? தினமும் நோயாளிகளைப் பார்த்துப் பழக எந்த மருத்துவமனை? ‘டெல்லி போர்டு’, ‘இன்டர்நேஷனல் கவுன்சில்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவமனை பெயர் சொன்னால் ஒரு நாள் காலையில் அங்கே போய், மாணவிகள் உண்மையிலேயே விஷன் பார்க்கிறார்களா, பைல் தூக்குகிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

மதிப்பெண் பட்டியலின் ஒரிஜினலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் அடுத்த தவணை கேட்பார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால் பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.