ஃபோனில் காட்டிய சராசரி வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு நாகர்கோவில் கோட்டாறில். மகனுக்குச் சென்னை பெருங்குடியில் கம்பெனி வேலை. 2022 ஜூனில் இரண்டு படுக்கையறை உள்ள வீட்டை மாதம் 18,000 ரூபாய்க்குப் பிடித்தான். அட்வான்ஸ் 1,80,000. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம். அது முடிந்தபின் புதிதாக எதுவும் எழுதவில்லை, மூன்று வருடமாக வாடகையும் கூட்டவில்லை. இப்போது வீட்டுக்காரர் ஃபோனில் ஒரு இணையதளத்தைக் காட்டி, “இந்த ஏரியாவில் சராசரி வாடகை 26,000. மெட்ரோ வேறு வருகிறது. அடுத்த மாதம் முதல் அதைத் தா. கூடுதல் 8,000 ரொக்கமாக வேண்டும். இல்லையென்றால் பதினைந்து நாளில் காலி செய். அதன்பின் மோட்டார் போட மாட்டேன்” என்கிறார். காலி செய்தால் பெயிண்டுக்கு இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வாராம். இங்கிருந்தே வழக்குப் போட முடியுமா?

பின்குறிப்பு: எங்கள் மாடியில் பத்து வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. 6,500 தருகிறார்கள். எழுத்து எதுவும் கிடையாது. அவர்களுக்கும் மார்க்கெட் நிலவரப்படி கூட்டலாமா?

பதில்: ஐயா, உங்கள் பின்குறிப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 26,000. வீட்டுக்காரர் காட்டியது, காலியாக இருக்கும் வீடுகளுக்கு ஓனர்களும் புரோக்கர்களும் கேட்கும் தொகைகளின் சராசரி. பேரம் பேசி எத்தனைக்கு முடிந்தது என்பது அதில் வராது. ஐந்தாறு வருடமாக ஒரே வீட்டில் குடியிருந்து பழைய வாடகை கொடுப்பவர்கள் விளம்பரமே கொடுப்பதில்லை, அவர்களும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஐந்து வீடுகளுக்கு விளம்பரம் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு வீடுகளுக்கு 17,000, 18,000, 18,000, 19,000 கேட்கிறார்கள். ஐந்தாவது, நீச்சல் குளமும் ஜிம்மும் உள்ள புது அடுக்குமாடியில், கட்டில் சோஃபாவோடு 48,000. கூட்டி வகுத்தால் சராசரி 24,000 வரும். அந்த ஐந்தில் நான்கு பேர் 19,000-ஐத் தாண்டவே இல்லை! உங்கள் மகன் இருப்பது எந்த வகை வீடு, எத்தனை வருடப் பழையது, பராமரிப்புக் கட்டணம் உள்ளேயா வெளியேயா, லாரித் தண்ணீர்ச் செலவு யார் தலையில் என்பதெல்லாம் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. மெட்ரோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரயில் ஓடுவதற்கு முன்பே அதற்கு வாடகை வாங்கப் பார்க்கிறார்.

ஆனாலும் வீட்டுக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் கொரோனாவுக்குப் பயந்து ஐ.டி. பிள்ளைகள் லேப்டாப்போடு ஊருக்கு வந்தார்களே, நம்ம கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் வீடுகளில் எல்லாம் மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்களே, அந்தச் சமயத்தில் பெருங்குடி வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வரிசையாக ‘டு-லெட்’ போர்டு தொங்கியது. வாடகையைக் குறைத்துக் கொடுத்த ஓனர்கள் உண்டு. கம்பெனிகள் திரும்பக் கூப்பிட ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிவிட்டது. உங்கள் மகன் வீடு பிடித்தது அந்த மாற்றம் தொடங்கிய நேரத்தில். அதன்பின் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை என்றால் ஓனருக்கு வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒன்று இருந்தது. கட்டடத்தின் மதிப்பையும் மனையின் சந்தை மதிப்பையும் கணக்கிட்டு, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று நிர்ணயிப்பார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு இன்ஜினியர் அறிக்கையைக் கொண்டுவந்து வருடக்கணக்கில் இழுக்கும். அப்படி மதிப்புப் போட்டுப் பார்த்த காலத்திலும் அந்தக் கட்டடத்தின் மதிப்பைத்தான் பார்த்தார்களே தவிர, ஏரியா சராசரியை அப்படியே எடுத்து ஒட்டவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் அந்தச் சட்டம் போய், நில உரிமையாளர்கள், குடியிருப்போர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் வருடச் சட்டம் அமலில் இருக்கிறது. இதன்படி வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு கூட்டுவது என்பதெல்லாம் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதில் தகராறு என்றால், இதற்கென்றே அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒருவர் மட்டும் உட்கார்ந்து 18-ஐ 26 ஆக்க முடியாது.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. உங்கள் மகனின் ஒப்பந்தம் 2023-லேயே முடிந்துவிட்டது. காலம் முடிந்த ஒப்பந்தம் அதே நிபந்தனையோடு மாதாமாதம் நீளும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். அதுவும் கடந்துவிட்டது. 11 மாதம் என்று எழுதும் பழக்கமே, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதற்குப் பயந்து வந்தது. புதுச் சட்டத்தில் அந்தச் சாமர்த்தியம் எடுபடாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். நீங்கள் அதையும் செய்யவில்லை. எனவே அவர் முறைப்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் உங்கள் பக்கம் பலவீனமானது. ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் கூடுதல் வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இதைச் சண்டையாக்காமல் பேசி முடிப்பதே உங்களுக்கு லாபம்.

அதற்காக அவருடைய மிரட்டலுக்குப் பணிய வேண்டாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பதினைந்து நாளில் வெளியேற்றவோ பூட்டுப் போடவோ அவரால் முடியாது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவது அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி தவறு. மோட்டாரை நிறுத்தினால் அன்றைக்கே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், இடைக்கால உத்தரவும் கேட்கலாம். “மோட்டார் போட மாட்டேன்” என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாரா? இருந்தால் மகன் அதை அழிக்காமல் வைக்கட்டும். இல்லையென்றால், “இன்று நீங்கள் சொன்னது...” என்று நேரில் பேசியதையே தேதியோடு மரியாதையாக ஒரு செய்தியாக அனுப்பி வைக்கட்டும்.

வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் நம்ம பிள்ளைகள் கோபத்தில் தவறு செய்கிறார்கள். “அட்வான்ஸில் கழித்துக்கொள்” என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டு இரண்டு மாதம் கொடுக்காமல் இருந்தால், அந்தப் பாக்கியே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். வழக்கமான தேதியில் 18,000-ஐ வங்கி மூலம் அனுப்பி, குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதட்டும். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. ரொக்கமாக 8,000 கேட்பதற்குச் சம்மதிக்கவே கூடாது. வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. மகன் பழைய வரி முறையில் எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) கழிவு கேட்பவர் என்றால் ரசீதில்லாத பணத்துக்குக் கழிவு கிடையாது. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணையும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். ரொக்கம் ஏன் இனிக்கிறது என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

பேரத்துக்கு ஒரு கணக்குத் தருகிறேன். சென்னை ஒப்பந்தங்களில் 11 மாதத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் கூட்டுவது சாதாரணமாகப் பார்க்கிற ஷரத்து. 18,000-க்கு மூன்று தடவை 5 சதவீதம் கூட்டினால் சுமார் 20,840 ஆகும். மூன்று தடவையும் 10 சதவீதம் கூட்டினால்கூட 23,960-ஐத் தாண்டாது. இந்தத் தாளை ஓனர் முன்னால் வையுங்கள். 20,500-இல் தொடங்கி 22,000-க்குள் முடித்தால் நல்ல முடிவு என்பேன். முடித்த கையோடு புது ஒப்பந்தம் எழுதிப் பதிய வேண்டும். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம்.

அட்வான்ஸ் விஷயம். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். நீங்கள் பத்து மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பதால் இப்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. புது ஒப்பந்தத்தில் குறைக்கக் கேளுங்கள். காலி செய்தால், முறையான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஓனர் கணக்கில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரி சில்லறை வேலைகள் குடியிருப்பவர் கணக்கு. பழைய முத்திரைத்தாளில் ‘பெயிண்டுக்கு இரண்டு மாத வாடகை’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் 36,000-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள்.

நாகர்கோவிலில் வழக்குப் போட முடியாது. வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான், அதாவது சென்னையில்.

இனி உங்கள் மாடிக்கு வருவோம். நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ளும் இதே சட்டம்தான். 2019-க்கு முன்பே குடிவந்தவர்களோடும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். நீங்கள் போடவில்லை. பெருங்குடி ஓனருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஃபோனில் கோட்டாறு சராசரியைத் தேடாதீர்கள், எல்லா வீடும் விளம்பரத்துக்கு வருவதில்லை. பாதி வீடு கோயில் வாசலிலும் டீக்கடையிலும் கேட்டு விசாரித்துப் பிடிப்பது, மீதியில் கொஞ்சம் ஒத்திக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பதற்கு, போவது. ஒத்தி வேறு, வாடகை வேறு, அந்தக் கணக்கை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். உட்கார்ந்து பேசி ஒரு தொகைக்கு வாருங்கள். கடைசியாக எப்போது வெள்ளையடித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள், அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். ஒப்பந்தம் எழுத வரும்போது மாடிக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு அசல் எழுதி ஆளுக்கொன்று கையில் இருக்க வேண்டும்.